சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரவில் ஆன்லைன் போக்கர் சீட்டாட்டம் ஆடலாமா?

இந்தியாவில் இருக்கிறீர்கள் என்றால் பணம் கட்டி ஆட முடியாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. ‘இது திறமை ஆட்டம்’ என்ற வாதமும் அதில் எடுபடாது. இலவச சிப்ஸ் (பணத்துக்குப் பதிலான ஆட்ட வில்லைகள்) வைத்து ஆடலாம்.

அதிலும் டோர்னமென்ட் வேண்டாம். பல மணி நேரம் இழுக்கும். குழந்தை அழுகிறதே என்று எழுந்து போனாலும் பிளைண்ட் தொகை (முறை வரும்போது சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்க வேண்டியது) உங்கள் சிப்ஸிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும், நேரம் ஆக ஆக ஏறவும் செய்யும். உடம்பு தொட்டில் பக்கம், மனசு திரையில் என்று ஆகிவிடும். எனக்கு இதுதான் பணத்தைவிடப் பெரிய கவலை. கேஷ் டேபிள் என்ற வகையில் (பெயர்தான் அப்படி, இலவச சிப்ஸிலும் உண்டு) ஒரு ஆட்டம் முடிந்ததும் எழுந்துவிடலாம். எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள் என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிப்ஸ் தீர்ந்ததும் காசுக்கு வாங்கச் சொல்லும் ஆப்களும் உண்டு, வாங்காதீர்கள்.