மென்திறனை ஆய்வகத்துக்குள் கொண்டுவாருங்கள்

பொறியியல் மாணவர்களுக்கு மென்திறன் (பேசுவது, எழுதுவது, கூட்டாக வேலை செய்வது போன்றவை) கற்பிக்க வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறியியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், போதாது. அந்த ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்து நின்று பேசப் பழகலாம். ஆனால் அடுத்த மணி நேரமே யாரும் படிக்காத ஆய்வக அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் மாணவருக்கு, எழுதுவது வெறும் சடங்கு என்றுதான் மனத்தில் பதியும்.

அந்த அறிக்கையிலிருந்தே தொடங்குங்கள். "மோட்டார் சற்று அதிகமாகச் சூடாகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தால், எவ்வளவு சூடு, எதுவரை தாங்கும், படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். திருத்தி எழுத அவகாசம் கொடுத்தால், "உறையின் வெப்பநிலை 92 டிகிரி, வரம்பு 80. சுமையைக் குறைக்கும்வரை ஓட்ட வேண்டாம்" என்று எழுதி வருவார். கருத்துப் பரிமாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான். முதல் வரைவுக்கே மதிப்பெண் போட்டு முடித்துவிட்டால் இது நடக்காது.

குழுவாகச் செய்யும் செயல்திட்டங்களில்தான் அதிகம் கோட்டைவிடுகிறோம். நான்கு பேரைச் சேர்த்துவிட்டால் கூட்டாக வேலை செய்யக் கற்றுக்கொள்வார்கள் என்று நம்பிவிடுகிறோம். ஒருவர் சுற்றமைப்பு முழுவதையும் செய்வார், ஒருவர் அறிக்கை எழுதுவார், மற்ற இருவரும் பெயர் மட்டும் கொடுப்பார்கள். ஒருங்கிணைப்பாளர் பொறுப்பைச் சுழற்சியில் விடுங்கள். யார் எதை எப்போது முடிப்பது என்று கூட்டந்தோறும் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் மதிப்பிடுவதைப் பருவத்தின் நடுவிலேயே ஒருமுறை வையுங்கள். கடைசியில் மட்டும் வைத்தால் அது புகார்ப் பெட்டியாகிவிடும், திருந்த நேரம் இருக்காது.

மேலிடத்தில் மறுத்துப் பேசுவதற்கும் பயிற்சி வேண்டும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் ஏவப்படுவதற்கு முந்தைய இரவு, குளிரில் அதன் ராக்கெட் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் சரியாக அடைத்துக்கொள்ளாமல் போகலாம் என்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். அவர்களுடைய நிறுவன மேலாளர்களே அதை ஒதுக்கி ஒப்புதல் அளித்தார்கள். மறுநாள் ஏவப்பட்ட 73 நொடிகளில் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். இன்னும் நன்றாகப் பேசியிருந்தால் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன், முடிவெடுக்கும் அதிகாரம் அந்தப் பொறியாளர்களிடம் இல்லை. ஆனாலும் அந்த உரையாடலை வகுப்பில் நடித்துப் பார்க்க வையுங்கள். மேலாளராக நடிக்கும் மாணவர்தான், அழுத்தம் வரும்போது தாம் எதையெல்லாம் கேட்க மறுக்கிறோம் என்று கண்டுகொள்வார்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களை முதல் நாளே மேடையேற்ற வேண்டாம். மூன்று பேர் முன்னால் ஒரு வரைபடத்தை விளக்கட்டும், பிறகு பத்துப் பேர் முன்னால். மொழி ஆசிரியரின் உதவியும் கட்டாயம் தேவை. அவரும் பாட ஆசிரியரும் ஒரே அறிக்கையை ஒன்றாக அமர்ந்து மதிப்பிட்டால், இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லி மாணவரைக் குழப்ப வேண்டியிருக்காது.