சாம்பல் கலந்த செங்கல், கசடு கலந்த செங்கல்: எதை வாங்கலாம்?

கேள்வி: வீடு கட்டச் செங்கல் பார்க்கப் போனோம். சூளைக்காரர், நெய்வேலிச் சாம்பல் கலந்து சுட்ட கல் என்று ஒன்றைக் காட்டினார். எடையும் குறைவு, விலையும் குறைவு. எங்கள் மேஸ்திரியோ, "சாம்பலை வைத்துச் சுவர் எழுப்புவார்களா?" என்று முகம் சுளிக்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (பண்ருட்டி வாசகர்)

பதில்: இருவர் பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டுக் கல்லைச் சோதியுங்கள்.

உங்கள் மேஸ்திரி இரண்டு கற்களைக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) கல் என்று பரவலாக விற்கும் சாம்பல் நிறக் கல் சூளையைப் பார்த்ததே இல்லை. சிமெண்டோ சுண்ணாம்போ சேர்த்து அழுத்தி, நீர் விட்டு இறுகச் செய்வது அது. உங்களுக்குக் காட்டியது, களிமண்ணோடு சாம்பலைப் பிசைந்து, அறுத்து, சுட்டெடுத்த கல். இதற்கென்றே ஐ.எஸ். 13757 என்ற தரநிலை இருக்கிறது. அனல் மின் நிலையத்துக்கு 50 கி.மீ. சுற்றளவில் உள்ள சூளைகள் எடைக்கணக்கில் 25 சதவீதமாவது சாம்பல் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு 1999-லேயே அறிவிக்கை வெளியிட்டது. 2003-ல் அந்தத் தூரம் 100 கி.மீ. ஆனது. ஆகவே இதைக் கலப்படம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பிசுக்கு மிகுந்த களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். சாம்பல் சேர்ந்தால் அந்தச் சுருக்கம் குறைகிறது. சாம்பலில் எரியாமல் தங்கிய கரி சூளைக்குள் எரிவதால் எரிபொருளும் மிச்சம். விலை குறைய இந்த மிச்சமும் ஒரு காரணம்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நெய்வேலியில் எரிப்பது பழுப்பு நிலக்கரி. சாதாரண நிலக்கரிச் சாம்பலைவிட அதன் சாம்பலில் சுண்ணாம்பும் கந்தகச் சேர்மங்களும் பொதுவாக அதிகம். கலவையும் சூடும் சரியாக அமையாவிட்டால், பூச்சு காய்ந்த பிறகு சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். சுண்ணாம்புக் கட்டி ஏதேனும் தங்கிவிட்டால், ஈரம் பட்டு உப்பிக் கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும்.

சூளைக்காரர் எடுத்துத் தரும் கல்லை வாங்காதீர்கள்; அடுக்கின் நடுவிலிருந்து நீங்களே ஐந்து கற்களை உருவுங்கள். நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது; சாதாரண வகைக் கல்லுக்கு 20 சதவீதம்தான் வரம்பு. அடுத்து உப்புச் சோதனை: கல்லைத் தட்டில் நிறுத்தி, ஓர் அங்குலம் தண்ணீர் ஊற்றி, முழுதும் வற்ற விடுங்கள். மறுபடி ஊற்றி வற்ற விடுங்கள். பாதிப் பரப்புக்கு மேல் வெண்மை படர்ந்தாலோ, மேல்தோல் பொடிந்து உதிர்ந்தாலோ அந்தச் சூளை வேண்டாம். இதற்குப் பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். போர்வெல் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதன் உப்புக்குச் சூளைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை. தாங்கும் வலிமையைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் கட்டடவியல் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம்.

கேள்வி: தோல் ஆலைக் கசடு சேர்த்த செங்கலைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். "சுட்டால் எல்லா விஷமும் போய்விடும்" என்கிறார் விற்பவர். உண்மையா? (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: குரோமியத்தைப் பொறுத்தவரை இது ஆபத்தான பொய். அது ஓர் உலோகம். எரித்தால் காணாமல் போகாது. தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் என்ற வடிவம் ஓரளவு சாதுவானது. காற்றோட்டமுள்ள சூளையில், சுண்ணாம்போ காரமோ உடனிருக்க, அதில் ஒரு பகுதி அறுவிணைதிறன் குரோமியம் என்ற நச்சு வடிவமாக மாறக்கூடும். இது தண்ணீரில் கரையும், புற்றுநோயை உண்டாக்கும். மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கசடைக் கண்ணாடிபோல் உருகிய பொருளுக்குள் பூட்டிவைக்கும் முறைகளும் உண்டு. அதற்குக் கலவையையும் சூட்டையும் காற்றையும் அளந்து நடத்தும் ஆலை வேண்டும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, இப்படிப்பட்ட கசடைப் பயன்படுத்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி தேவை. அந்த அனுமதியையும், சுட்ட கல்லிலிருந்து குரோமியம் நீரில் கசிகிறதா என்ற ஆய்வறிக்கையையும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேலிச் சுவருக்குக்கூட வேண்டாம்.

கேள்வி: 'மறுசுழற்சிப் பொருள் கொண்டது' என்று சொல்லித் தரை டைல்ஸுக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: எந்தக் கழிவு, எத்தனை சதவீதம், யார் சான்றளித்தது என்று கேளுங்கள். சுடுவதற்கு முன் உடைந்த டைலை மறுபடி அரவைக்கு அனுப்புவது ஆலைகளின் அன்றாட வழக்கம். அதற்கு நீங்கள் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? இத்தகைய பசுமை விளம்பரங்களுக்கு ஆதாரம் காட்டியாக வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. காட்ட மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்: 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். பில்லில் அந்த 'மறுசுழற்சி' வாசகத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.