நாய் கடிப்பது இனத்தாலா, வளர்ப்பாலா?

எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டு ஐந்து வயதில் என் தம்பியின் கையைக் கடித்துவிட்டது. நாய் கடிப்பது இனத்தாலா, வளர்ப்பாலா என்ற கேள்விக்கு அன்றிலிருந்து விடை தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாம் "அந்த இனமே அப்படித்தான்" என்றார்கள்.

பிறவிக் குணம் என்று ஒன்று நிச்சயம் உண்டு. 1959-ல் திமித்ரி பெல்யாயெவ் என்ற சோவியத் மரபியல் அறிஞர் சைபீரியாவில் வெள்ளி நரிகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனிதரிடம் சாதுவாக இருந்தவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்தார்கள். பிற்பாடு, சீறுகிறவற்றை மட்டும் சேர்த்து இன்னொரு வம்சாவளியையும் உருவாக்கினார்கள். சீறும் நரியின் கருவைச் சாதுவான நரியின் வயிற்றில் வைத்து, அதுவே ஈன்று வளர்த்தபோதும் குட்டி சீறத்தான் செய்தது.

ஆனால் அந்த இரண்டு வம்சாவளிகளும் ஒரே வெள்ளி நரி இனத்திலிருந்து வந்தவைதானே? குணம் பெற்றோரிடமிருந்து வருகிறது, இனத்தின் பெயரிலிருந்து அல்ல. 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 18,000-க்கும் அதிகமான நாய்களின் நடத்தையைக் கேட்டறிந்தார்கள், 2,000-க்கும் அதிகமானவற்றின் மரபணுவையும் படித்தார்கள். நாய்க்கு நாய் இருக்கும் நடத்தை வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். எவ்வளவு எளிதில் கோபப்படும் என்பதற்கு இனம் கிட்டத்தட்ட எந்தத் துப்பும் தரவில்லை. அதனால் குட்டி எடுக்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது, தாய் நாயைப் போய்ப் பாருங்கள் என்பதுதான். புது ஆளைக் கண்டதும் அது ஒடுங்குகிறதா, பாய்கிறதா, வாலாட்டி வருகிறதா?

வளர்ப்பில் முக்கியமான காலம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை. அதற்குள் பலவகை மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் பழகாத குட்டி, பெரிதானதும் பயத்தில் கடிக்கக்கூடும். கடிகளில் நிறைய பயத்தால் வருபவைதான். அப்புறம் அடிப்பது, மல்லாத்திப் போட்டு அமுக்குவது, "யார் எஜமான் என்று காட்டுகிறேன்" என்று மிரட்டுவது, இவையெல்லாம் நாயைக் கடிக்கத் தூண்டும்.

நாங்கள் செய்த தப்பும் இந்த வகைதான். கடிப்பதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே, பின்பக்கம் தொட்டால் எங்கள் நாய் உறுமும். ஒவ்வொரு தடவையும் அதட்டினோம். உறுமலை நிறுத்திவிட்டது, திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். எச்சரிக்கும் வழியை அடைத்துவிட்டோம் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை. தம்பி அதைத் துவட்டிவிட்டபோது சத்தமே இல்லாமல் கடித்தது.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். இடுப்பு மூட்டில் கோளாறு. ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்குப் பரம்பரையாக அதிகம் வருவதுதானாம். எங்கள் வீட்டுக் கடியில் இனத்துக்கு ஒரு பங்கு இருந்தது என்றால் அந்த வழியாகத்தான்.

வலிக்கு மருந்து கொடுத்து வருகிறோம். இப்போதும் எப்போதாவது உறுமும். உடனே கையை எடுத்துவிடுகிறோம்.