பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே உடல் எடையைக் குறைக்க முடியுமா?

முடியும். நானும் ஆசிரியைதான். ஜிம்முக்கு நேரமில்லை என்றால் பரவாயில்லை, முதலில் டீயைக் கவனியுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு நாலு டீ என்றால் கிட்டத்தட்ட 40 கிராம். உலக சுகாதார நிறுவனமோ 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. நான் அரை ஸ்பூனுக்குக் குறைத்தேன். பத்து நாள் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அப்புறம் பழகிவிட்டது.

அடுத்து டிபன் பாக்ஸ். காலை அவசரத்தில் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் கட்டத் தோன்றும். இரண்டுமே மாவுச்சத்து. ஆறாவது பீரியடில் கண்ணைச் சொக்கும், பள்ளி விட்டதும் கால் தானாக பஜ்ஜிக் கடைப் பக்கம் போகும். இரவே கொண்டைக்கடலையை ஊறப் போட்டுவிடுங்கள். காலையில் குக்கரில் வேகட்டும், நீங்கள் தலை சீவி முடிப்பதற்குள் தாளித்துவிடலாம். சாதம் ஒரு கப், பொரியல் அதே அளவு, கூடவே சுண்டலோ அவித்த முட்டையோ. மாலை வரை தாங்கும்.

இன்னொன்று: கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். தலைவலி வரும், அதற்கு இன்னொரு டீ கேட்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பாட்டு அளவை மாற்றுங்கள். மாதம் இரண்டு கிலோ குறைந்தாலே போதும்.