கிழமை பார்த்து எடுத்த பாடம்

கேள்வி: பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்பில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்ட கல்விக் கடனில் வந்தேன். வெளிநாட்டில் படித்தால் எதிர்காலத்தைப் பற்றித் தெளிவு பிறக்கும் என்றார்கள். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. கடையில் பகுதிநேர வேலை இருப்பதால், விருப்பப் பாடங்களைக்கூடச் செவ்வாய், புதனுக்குள் வகுப்பு முடிகிற மாதிரிதான் எடுத்தேன். படிப்பு முடிந்ததும் இங்கேயே இருப்பதா, ஊர் திரும்புவதா?

பதில்: தம்பி, இருப்பதா திரும்புவதா என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். போகிற போக்கில் செவ்வாய், புதன் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

கட்டாயப் பாடங்களை வகுப்பில் எல்லோரும் படிக்கிறார்கள். எந்தப் பக்கம் போகப் போகிறோம் என்பதை மாணவர் தானே முடிவு செய்ய விடப்படும் இடம் விருப்பப் பாடம். அதில்தான் ஓர் ஆசிரியர் நெருக்கமாகப் பழக்கமாகிறார்; ஆய்வேட்டுக்கு யாரிடம் போவது என்பது புரிகிறது; வேறு துறையிலிருந்து வந்த ஒருவர், நீங்கள் சரியென்று நம்பி வந்ததை ஏன் என்று கேட்டு மடக்குகிறார். வெளிநாட்டுப் படிப்பு ஒருவரின் திசையைத் திருப்புவது இப்படித்தான். விமானம் ஏறியதற்காக அது தானாக நடக்காது. அந்த முடிவைக் கடையின் வேலை நேரத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தெளிவு வரவில்லை என்கிறீர்கள். எங்கிருந்து வரும்?

உழைத்து வாடகை கட்டும் பிள்ளைகள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் உங்களுக்கு அங்கே வேலை செய்ய அனுமதி, வகுப்புகள் நடக்கும் பருவத்தில் வாரம் 20 மணி நேரம்தான். ஆய்வேடு எழுதும் கோடையும் முதுகலை மாணவருக்குப் பொதுவாக விடுமுறைக் கணக்கில் வராது. அந்த 20 மணி நேரத்தைப் படிப்புக்கு ஏற்றபடி அமைத்திருக்க வேண்டும். நீங்கள் படிப்பை அல்லவா வளைத்துவிட்டீர்கள்!

ஆய்வேடு இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அங்கே முதுகலைப் பட்டத்துக்கு 180 மதிப்பலகுகள் (கிரெடிட்). பெரும்பாலும் அதில் 60 ஆய்வேட்டுக்கே போகிறது. மூன்றில் ஒரு பங்கு! இந்த முறை கிழமை பார்க்காதீர்கள். உங்கள் துறை ஆசிரியர்கள் எதை ஆராய்கிறார்கள் என்று படித்துவிட்டு, பிடித்தவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். இரண்டாம் பருவ விருப்பப் பாடத்தை மாற்ற முடியுமா என்றும் துறை அலுவலகத்தில் உடனே கேளுங்கள். பல பல்கலைக்கழகங்களில் பருவத்தின் தொடக்க வாரங்களில் அதற்கு இடம் உண்டு.

படிப்புக்குப் பிந்தைய விசாவில் யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். இதுவரை அது இரண்டு ஆண்டுகள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவருக்கு 18 மாதங்கள். நீட்டிப்பும் கிடையாது. திசை தெரியாமல் அதற்குள் நுழைந்தால், வேலை தேடுவதற்கு முன்பே பாதிக்காலம் கரைந்துவிடும்.

அப்பாவிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. 'நன்றாகப் போகிறது' என்று சொல்லியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். கடனுக்குக் கையெழுத்துப் போட்டதால் உங்கள் துறையை முடிவு செய்யும் உரிமை அவருக்கு வந்துவிடாது. உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை நிச்சயம் உண்டு. அதை மறைத்து அவரை நிம்மதியாக வைத்திருப்பதாக நினைப்பது எனக்குப் பாசமாகத் தெரியவில்லை. பாடங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று இந்த வாரமே அவரிடம் சொல்லுங்கள். அடுத்த மாத வேலை நேரத்தைக் கடையில் எழுதிக் கொடுப்பதற்கு முன், ஆசிரியரைச் சந்திக்க நேரம் வாங்கிவிடுங்கள்.