மகனின் தமிழ்க் கொப்பிகளைப் பெட்டியில் வையுங்கள்

தங்கச்சி, கனடாவுக்கு வர இருக்கும் நீங்கள் நான்கு விடயங்கள் கேட்டிருக்கிறீர்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது, குளிர் உடுப்பை ஊரிலேயே வாங்குவதா, எட்டு வயது மகனுக்கு வாசிப்பு இன்னும் வரவில்லை என்பதைப் புதிய பாடசாலையில் சொல்வதா மறைப்பதா, அவனோடு இப்போதிருந்தே ஆங்கிலத்தில் மட்டும் பேசுவதா. முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். வாடகை எல்லா இடத்திலும் அதிகம், ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள், அவ்வளவுதான். மற்ற இரண்டையும் வாசித்தபின் எனக்கு நித்திரை வரவில்லை. அவற்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

மறைக்காதீர்கள். தமிழையும் நிறுத்தாதீர்கள். உங்கள் மகன் தமிழில் எப்படி வாசிக்கிறான் என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆதாரம்.

வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை வாசிக்கத் திணறினால், இங்குள்ள ஆசிரியர்களுக்கு முதலில் தோன்றும் காரணம் ஆங்கிலம். "மொழி பழகட்டும், கொஞ்சம் பொறுங்கள்" என்பார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்வார்கள். ஆனால் அப்படிப் பொறுத்துப் பொறுத்தே மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் போய்விடும். பிறகு அந்தப் பிள்ளை தன்னை மொக்கன் என்று முடிவுகட்டிவிடும். பிறந்ததிலிருந்து பேசும் மொழியில் வாய் ஓயாமல் கதை சொல்கிற பிள்ளை, அதே மொழியை எழுத்தில் கண்டதும் தடுமாறினால், அதற்கு ஆங்கிலம் எப்படிக் காரணமாகும்? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்காவிட்டால் அங்கே வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. அதனால் டிஸ்லெக்சியா, அதாவது புத்தி இருந்தும் எழுத்தை வாசிக்கத் திணறும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளைகூட எழுத்தெழுத்தாகக் கூட்டி, மெதுவாக, பெரும்பாலும் சரியாகவே வாசித்துவிடும். "ஆள் கொஞ்சம் ஆறுதல்" என்று ஊரில் விட்டுவிடுவார்கள். 'கொ'வில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்பதில் குழம்புவது, ல-ள-ழ, ந-ன-ண மாறுவது, ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வேறு விதமாக எழுதுவது, இவற்றையெல்லாம் கவனயீனம் என்று சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளை ஆங்கிலத்துக்கு வந்ததும் வேகமும் இருக்காது, சரியாகவும் வராது.

நாங்கள் வந்தது தொண்ணூறுகளில். பேஸ்மென்டில் ஒரு அறை. இவர் உணவகத்தில் கோப்பை கழுவினார், நான் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு வேலை. மூத்தவனுக்குத் தேவாரப் பாட்டுகள் மனப்பாடம். புத்தகத்தைத் திறந்து காட்டினால் அதே தேவாரத்தில் இரண்டு வரி வாசிக்க மாட்டான். வடமராட்சியில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள் என்பதால், இது சோம்பல் அல்ல என்று எனக்குத் தெரிந்திருந்தது. வேலை முடிந்து, இரும்பு முனை வைத்த சப்பாத்தோடு அப்படியே பாடசாலைக்குப் போனேன். போரிலிருந்து வந்த பிள்ளை, மொழி புதிது, காலம் கொடுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "தமிழிலும் இப்படித்தான்" என்று சொல்லி ஊர்க் கொப்பியை மேசையில் விரித்தேன். அங்கே விசேட கல்வி ஆசிரியை ஒருவர் இருந்தார். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாதவர். ஒரே பக்கத்தில் 'பாடசாலை' மூன்று விதமாக எழுதப்பட்டிருந்ததை விரலால் தொட்டு, "இது மூன்றும் ஒரே சொல்லா?" என்று கேட்டார். அன்றோடு அந்தப் பாடசாலையில் ஆங்கிலத்தைக் குற்றம் சொல்லும் பேச்சு நின்றது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, உங்களுக்குச் சாதகமாக. 2012ல் கனடா உச்ச நீதிமன்றம், பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த ஜெஃப்ரி மூர் என்ற டிஸ்லெக்சியா உள்ள மாணவரின் வழக்கில், விசேட கல்வி ஆடம்பரம் அல்ல, கல்விக்குள் நுழைவதற்கான சாய்தளம் என்று தீர்ப்பளித்தது. 2022ல், ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணையம் 'வாசிக்கும் உரிமை' என்ற விசாரணை அறிக்கையை 157 பரிந்துரைகளோடு வெளியிட்டது. படத்தைப் பார்த்தும் முன்பின் வசனத்தைப் பார்த்தும் சொல்லை ஊகிக்கச் சொல்லும் முறையை அது கண்டித்தது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாக, படிப்படியாகக் கற்பிக்கச் சொன்னது. 2023ல் மொழிப் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள். மூத்த பாலர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்புச் சோதனை கட்டாயமாகியது.

உங்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே வயதைப் பார்த்துத்தான் வகுப்பில் போடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை பெரும்பாலும் மூன்றாம் வகுப்புக்குப் போகும். அந்தச் சோதனையோ இரண்டாம் வகுப்போடு முடிகிறது. ஆகவே உங்கள் மகனுக்கு அந்தச் சோதனை தானாக நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது, நீங்கள்தான் கேட்கவேண்டும்.

வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கேளுங்கள், திகதி போடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.ஆர்.சி. என்று ஒரு குழு இருக்கிறது. பிள்ளைக்கு விசேட தேவை உண்டா, எந்த வகுப்பு முறை பொருந்தும் என்று முடிவு செய்வது அதுதான். பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் மறுக்க முடியாது. பதினைந்து நாளுக்குள், குழு எப்போது கூடும் என்று எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். கூட்டத்துக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். உளவியல் மதிப்பீட்டுக்குப் பாடசாலை வரிசை நீளம், தனியாரிடம் போனால் சில ஆயிரம் டொலர். அதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஐ.இ.பி. என்கிற தனிக் கல்வித் திட்டத்தைக் குழு கூடுவதற்கு முன்பே தயாரிக்கலாம். "கூடுதல் நேரம் தருவோம், முன் வரிசையில் இருத்துவோம்" என்பதோடு அந்தத் திட்டம் நின்றால் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள். கூடுதல் நேரம் வாசிக்கக் கற்றுத்தராது. எந்த வாசிப்புப் பயிற்சி, வாரத்தில் எத்தனை நாள், யார் நடத்துவார் என்று கேளுங்கள். ரொறன்ரோ சிக் கிட்ஸ் மருத்துவமனையில் உருவான 'எம்பவர்' பயிற்சி பல பாடசாலைகளில் நடக்கிறது. அது உண்டா என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

எங்கள் சனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். "விசேட கல்வி என்று பேர் விழுந்தால் நாளைக்குக் கலியாணம் பேச முடியாது" என்று உங்களுக்குச் சொல்ல ஆட்கள் காத்திருக்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள். அதே ஆட்கள் தங்கள் பிள்ளைகளைச் சனி, ஞாயிறு முழுக்க ரியூசனில் அடைத்து, வராத எழுத்தைப் பத்துத் தடவை, இருபது தடவை எழுதவைத்ததைப் பார்த்திருக்கிறேன். பிழையாக ஒலி பிரிக்கும் பிள்ளைக்கு அது பிழையைத்தான் பழக்கும். காசும் போய், புத்தகத்தைக் கண்டாலே பிள்ளை எரிச்சல்படுவதுதான் மிச்சம். ரியூசனுக்கு அனுப்புவதானால், டிஸ்லெக்சியாப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவரா என்று முதலில் விசாரியுங்கள்.

வீட்டில் தமிழ் பேசுவதால் ஆங்கில வாசிப்பு கெடாது. ஒலியைப் பிரிக்கும் பழக்கம் எந்த மொழியில் வந்தாலும் மற்ற மொழிக்கு உதவும். பஸ்ஸுக்கு நிற்கும்போது நானும் மகனும் விளையாடுவோம். 'கல்'லில் முதல் ஒலியை எடுத்துவிட்டு 'ப்' வை, என்ன வரும்? பல். 'ச்' வைத்து நடுவில் 'ஒ' போடு? சொல். கொப்பியும் பென்சிலும் வேண்டாம். எழுதுவதற்கு, அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அவன் சொன்ன சொற்களிலேயே, ஒன்றையும் திருத்தாமல். பிறகு அதை அவனே வாசிப்பான். தன் வாயால் வந்த வசனம் என்பதால் துணிந்து வாசித்தான். கதை யோசிப்பதும் எழுத்துக்கூட்டுவதும் இரண்டு வேலைகள், இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டும் நின்றுவிடும். இப்போது பேசினால் எழுதித் தரும் மென்பொருளோடு மடிக்கணினியே பாடசாலை மூலம் பெறலாம், ஐ.இ.பி.யில் சேர்க்கச் சொல்லுங்கள். பொது நூலக அட்டை இருந்தால், அச்சை வாசிக்கச் சிரமப்படுவோருக்கான சி.இ.எல்.ஏ. என்ற சேவையில் ஒலிப் புத்தகங்கள் இலவசம். தன்னால் வாசிக்க முடியாத பெரிய கதைகளை அவன் காதால் கேட்கட்டும். வாசிப்பு வரும்வரை அறிவு காத்திருக்கக் கூடாது.

என் மகன் இன்று மின்பணியாளர். மின்வேலைச் சட்டவிதிப் புத்தகத்தை மெதுவாகத்தான் வாசிப்பான், ஆனால் முழுவதையும் வாசிப்பான். எனக்குத் தமிழில் எழுதும் குறுஞ்செய்திகளில் இன்றும் ள-வும் ழ-வும் மாறிக்கிடக்கும்.

நீங்கள் ஊரில் செய்யவேண்டியது இதுதான். கொப்பிகளில் நல்ல எழுத்து உள்ளவற்றைப் பொறுக்காமல் எல்லாவற்றையும் எடுத்துவாருங்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கண்ணும் காதும் சோதித்து அறிக்கை எடுத்தால் "பார்வையோ கேள்வியோ குறைவு" என்ற சாக்கும் இல்லாமல் போகும். கைபேசியில் அவன் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிப்பதையும், பிறகு ஒரு கதையைத் தன் பாட்டில் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். அதிபருக்கான கடிதத்தை விமானம் ஏறுமுன் தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள், ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன். பாடசாலை தொடங்கும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடலாம்.