விரலிடுக்கில் தோல் உரிகிறது

கேள்வி: டொக்டர், நான் கொழுந்து எடுக்கிறவள். மழைக்காலத்தில் நாள் முழுக்க றப்பர் சப்பாத்துதான். விரலிடுக்கு வெள்ளையாக ஊறித் தோல் உரிகிறது. ராவில் அரிப்புத் தாங்கவில்லை. அட்டை கடிக்காமல் பூசுகிற உப்பும் சவர்க்காரமும்தான் காரணம் என்கிறார் மாமி. உரிகிற தோலைப் பிய்க்கலாமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: பிய்க்கவே வேண்டாம், தங்கச்சி. அந்தக் காயத்தால் கிருமி உள்ளே போகும். மாமி சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. உப்பும் சவர்க்காரமும் தோலை எரிய வைக்கும். ஆனால் விரலிடுக்கு ஊறி அரித்தால் பெரும்பாலும் அது பூஞ்சணத் தொற்று. நாம் சேற்றுப்புண் என்கிறோமே, அதுதான்.

பாமசியில் க்ளோட்ரிமசோல் கிரீம் கேளுங்கள். காலைக் கழுவி, இடுக்குகளைத் துணியால் ஒற்றிக் காயவிட்டு, காலையும் இரவும் மெல்லிசாகப் பூசுங்கள். அரிப்பு நின்றவுடன் கிரீமை மூலையில் போட்டுவிடுவார்கள் நம் ஆட்கள். அடுத்த மழைக்கு அது திரும்பி வந்துவிடும். 4 வாரம் விடாமல் பூசவேண்டும். லயத்தில் யாரோ கொடுத்த ஸ்டீரொய்ட் கிரீம் மட்டும் வேண்டாம். அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சணத்தைப் பரவவிடும்.

இரவில் சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்து, அடுப்படியில் சூடு படாத தூரத்தில் வையுங்கள். மேஸ் தினமும் மாற்றுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் துவாயைத் தனித்தனியாக வையுங்கள்.

சீனி வருத்தம் இருந்தாலோ, பாதம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ கிரீமை நம்பிக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.